மாலை ஐந்து மணிக்கு முன் திறக்காது

நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆண்டு மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்களிடமும் ஆளுக்கொரு கட்டுரை வாங்குகிறார்கள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் திவ்யா போன வாரம் போன் செய்தாள்.

"மேடம், ரெண்டே பக்கம் போதுங்க. இனிமையான அனுபவமா இருந்தா நல்லா இருக்கும்னு மேல சொன்னாங்க."

சரி என்றேன். அதோடு பேச்சை முடித்திருக்கலாம். அவள் சும்மா இருக்கவில்லை.

"இப்பல்லாம் தேவை ஆவணத்த நாங்க எழுதறதே இல்லீங்க மேடம். நாலு வரி சொன்னா மெஷினே எழுதிக் குடுத்துருது. ஒரு ஆவணத்துக்கு நீங்க மூணு மாசம் உக்காருவீங்களாமா? அத்தன நாளு என்னங்க மேடம் பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் போனை வைத்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய எந்த ஆவணமும் என்னை இப்படிப் பாடாய்ப் படுத்தியதில்லை. ஒரு நிமிடத்தில் முடித்த ஆவணம் ஒன்று உண்டு. அதுதான் இன்றைக்கும் என்னை விடவில்லை. இனிமையான அனுபவம் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும். நான் இதைத்தான் எழுதுவேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகள் போனில் விளையாடிக்கொண்டே கணக்கும் மொழியும் கற்பதற்கான விளையாட்டுகளை எங்கள் கம்பெனி செய்தது. படம் வரைய ஆட்கள் இருந்தார்கள், புரோகிராம் எழுத ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் தொடங்குவதற்கு முன்னால் இந்த விளையாட்டு யாருக்கு, அந்த ஆள் எப்படிப்பட்ட போனை வைத்திருப்பார், எங்கே உட்கார்ந்து விளையாடுவார், நெட் இல்லாவிட்டால் என்ன ஆகும், தப்பாகப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதையெல்லாம் ஒருவர் வரிவரியாக எழுதித் தர வேண்டும். அதன் பெயர் தேவை ஆவணம். எழுதியவள் நான். கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் என்னுடையதுதான்.

திருச்செங்கோட்டில் கணினிப் படிப்பு, நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்த ஒரு சின்னக் கம்பெனியில் பதினோரு வருடம், பிறகு சேலம். என் பயிற்சிக் காலம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். புதுச்சத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். கணக்கு விளையாட்டு செய்யும் கம்பெனியில் சேர்ந்தபோது, இனி லோடுக்கும் டீசலுக்கும் பதிலாகக் குழந்தைகளைப் பற்றி யோசிக்கலாம் என்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

அங்கே எனக்கு மேலாளர் சேவியர் சார். சேலம் டவுன்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற அதே வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் திங்கட்கிழமையும் போட்டுக்கொண்டு வருவார். திங்கள் காலை பத்து மணிக்கு என் ஆவணத்தோடு உட்காருவோம். திரையில் படிக்க மாட்டார். தாளில் அச்சடித்துத் தர வேண்டும். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிப்பார். படித்துவிட்டுப் பச்சைப் பேனாவை வரியின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"இது தேவையா, ஆசையா மேடம்?"

தேவை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அது ஆசை. ஆசையின்மேல் பச்சைக் கோடு விழும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வரியை அடிக்கும்போதுகூட "சாரி மேடம்" என்று சொல்லித்தான் அடிப்பார்.

ஒருமுறை, 'விளையாட்டு குழந்தைக்கு எளிதாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன். "எளிதுன்னா அத எப்படிச் சோதிச்சுப் பாக்கறது? எந்தக் குழந்தை, எத்தனை தடவை தொட்டு?" என்று கேட்டார். அரை மணி நேரம் மல்லுக்கட்டி, 'மூன்றாம் வகுப்புக் குழந்தை, யாரும் சொல்லித் தராமல், மூன்று தொடுதலுக்குள் முதல் கணக்குக்குப் போய்விட வேண்டும்' என்று மாற்றினேன். பச்சை டிக் விழுந்தது. இப்படித்தான் தொழில் கற்றேன், அதை மறுக்கவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் கணக்கு விளையாட்டு முதலில் பள்ளிக்கூட லேபில் இருக்கும் டேப்லெட்டுக்காகத்தான் செய்யப்பட்டது. வாரம் இரண்டு பீரியட். குழந்தை தன் வரிசை எண்ணைத் தட்டிவிட்டு விளையாடும். சரியாகச் சொன்னால் கணக்கு கடினமாகும். தப்பாகச் சொன்னால் கணக்கு ஒரு படி கீழே இறங்கி, விட்ட இடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுபடி ஏறும். மாதக் கடைசியில் ஒவ்வொரு குழந்தையும் எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியருக்கு அறிக்கை போகும்.

அந்த அறிக்கையில் விளையாடிய தேதிக்குப் பக்கத்தில் மணியும் வர வேண்டும் என்று எழுதியிருந்தேன். பச்சைப் பேனா அங்கே நின்றது.

"தேதி இருக்கே. மணி எதுக்கு மேடம்?"

"எப்ப விளையாடுச்சுன்னு டீச்சருக்குத் தெரியணுமில்லீங்களா சார்?"

"லேப் பீரியட்ல மட்டும்தானே விளையாடும். டைம்டேபிள் டீச்சர் கையிலயே இருக்கு."

நியாயம்தான். மணி ஆசையாகிப்போனது, கோடு விழுந்தது.

அதற்கடுத்து ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு. அது ஆரம்பத்திலிருந்தே போனுக்கானது. அதற்குத்தான் திவ்யா சிரித்த அந்த மூன்று மாதம். கெங்கவல்லி பக்கத்தில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தேன். மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தவர்களிடம் போனை வாங்கிப் பார்த்தேன். பாதிப் போன்களில் கண்ணாடி உடைந்திருந்தது. அதுவும் பெரும்பாலும் வலது கீழ் மூலையில். கையிலிருந்து நழுவினால் மூலைதான் முதலில் தரையில் படும். எங்கள் விளையாட்டில் 'சரி' பொத்தான் எங்கே இருந்தது என்கிறீர்கள்? அதே வலது கீழ் மூலையில். ஒரு குழந்தை சரியான விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, உடைந்த கண்ணாடியை அழுத்தி அழுத்தி, விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. "அது அங்க தொட்டா கேக்காதும்மா, போன திருப்பி வச்சாதான் கேக்கும்" என்று அதன் அம்மா எனக்கு விளக்கம் சொன்னார். மறுநாளே 'எந்தப் பொத்தானும் மூலையில் இருக்கக் கூடாது' என்று எழுதினேன். சேவியர் சார் கேள்வியே கேட்கவில்லை. இதைத்தான் செய்தேன் அம்மா திவ்யா, அந்த மூன்று மாதமும்.

சேலத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வீட்டுப் போனைப் பற்றி எழுதக் கூடாது என்று கெங்கவல்லியில் நான் படித்துவிட்டு வந்தேன். படித்தபிறகும் தப்புச் செய்தேன் என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலம் வந்தது. லேபில் டேப்லெட்டுகள் தூசி படிந்து கிடந்தன. கணக்கு விளையாட்டைப் பெற்றோர் போனுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று பள்ளிகள் கேட்டன. நான் சேவியர் சாரிடம் போய், நிலைமை சரியானதும் வீடுகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், இரண்டு மாதம் வேண்டும் என்றேன்.

"ரெண்டு மாசமா? திரை சின்னதாகுது, அவ்வளவுதானே மேடம். திரை அளவை டிசைன் டீம் பாத்துக்குவாங்க. நீங்க ஆவணத்துல டேப்லெட்டுன்னு இருக்கிற இடத்துல எல்லாம் கைப்பேசின்னு மாத்திடுங்க. இன்னைக்கே அனுப்பணும்."

எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றும் வசதி கணினியில் இருக்கிறது. தேட வேண்டிய சொல் டேப்லெட். வைக்க வேண்டிய சொல் கைப்பேசி. அழுத்தினேன். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மாறியது. 'மாணவர் கைப்பேசியில் தன் வரிசை எண்ணைத் தட்டுவார்' என்று வரி வந்து நின்றது. எந்த மாணவரிடம் கைப்பேசி இருக்கிறது? அந்த வரியை என் கண் பார்த்தது. கை கையெழுத்துப் போட்டது.

எல்லாவற்றுக்கும் ஏன், எதற்கு என்று கேட்கக் கற்றுக்கொண்டவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தில் பாதி அந்த ஒரு நிமிடத்துக்கு உரியது.

பள்ளிகள் திறந்தபிறகும் விளையாட்டு போனிலேயே தங்கிவிட்டது. வசதி பார்த்துவிட்டால் யார் விடுவார்கள்? வீட்டுப்பாடம் கொடுக்கும் வேலை மிச்சம். வண்ண வண்ணக் கோடுகளோடு அறிக்கை வேறு வருகிறது. அந்த அறிக்கையை வைத்து வகுப்பில் பிரிவு பிரிக்கிற அளவுக்குச் சில பள்ளிகள் போய்விட்டன. எங்கள் விற்பனை ஆட்கள் வாய் கூசாமல் அதையும் ஒரு சிறப்பாகச் சொல்லி விற்றார்கள்.

திருச்செங்கோட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து புகார் வந்தது. ஐந்தாம் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண். தாளில் எழுதும் பரீட்சையில் கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். விளையாட்டு அறிக்கையிலோ மாதாமாதம் இறங்கி இறங்கி இரண்டாம் வகுப்புப் படிக்கு வந்து நின்றிருந்தாள். பள்ளி எதை நம்பியது என்கிறீர்கள்? எங்கள் அறிக்கையைத்தான். பரீட்சையில் பார்த்து எழுதியிருப்பாள் என்று முடிவு கட்டி, ஏ பிரிவிலிருந்து சி பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவளுடைய கணக்கு டீச்சருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அவர்தான் எங்களுக்கு எழுதினார். வருகிற சனிக்கிழமை பட்டியலை முடித்துவிடுவார்கள், அதன்பிறகு இந்த வருடம் முழுக்க யாரையும் பிரிவு மாற்ற மாட்டார்கள் என்றும் எழுதியிருந்தார்.

புரோகிராம் ஆட்கள் சோதித்தார்கள். "ஆப்ல எந்தத் தப்பும் இல்ல, விழுந்த பதில்தான் தப்பு" என்றார்கள். உண்மைதான். நான் சர்வரில் இருக்கும் மூலப் பதிவைக் கேட்டு வாங்கினேன். அறிக்கையில் வராத மணி அங்கே இருந்தது. புதன்கிழமை மதியம் ஒன்று இருபது. வியாழக்கிழமை மதியம் ஒன்று பத்து. அடுத்த வாரமும் அப்படித்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் காலை பத்தரையிலிருந்து மாலை மூன்று வரை விடாமல் விளையாட்டு.

எல்லாம் பள்ளிக்கூட நாள். பிள்ளை வகுப்பில் இருக்கும் நேரம். மாதக்கணக்கில் இது சர்வரில் கிடந்திருக்கிறது. நாங்கள் யாரும் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை நேரே திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். தலைமை ஆசிரியையிடம், பிள்ளைகள் போன் கொண்டு வருவார்களா என்று கேட்டேன்.

"போனா? கேட்டுக்குள்ள வந்தா புடுங்கி வெச்சுக்குவமுங்க."

"அப்ப மத்தியானம் ஒரு மணிக்கு விளையாடறது யாருங்க?"

"அது எங்களுக்கெப்படிங்க தெரியும்? உங்க ரிப்போர்ட்ல தேதி மட்டுந்தானுங்களே இருக்குது."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தர்ஷினியைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தரையைப் பார்த்த கண். நான்கு இலக்கப் பெருக்கல் ஒன்று கொடுத்தேன். தாளை என்னிடம் திருப்பித் தர அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சரியான விடை.

"போன்ல விளையாடறப்ப மட்டும் ஏன் சாமி தப்பு வருது?"

"நான் இப்பெல்லாம் வெளையாடறதே இல்லீங்க மிஸ். எல்லாம் ரெண்டாங் கிளாஸ் கணக்கா வருதுங்க. போரடிக்குது. போனு அம்மாகிட்டத்தானுங்க இருக்கும்."

அம்மா ஜோதிமணி. பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தறிப்பட்டறையில் நூல் சுற்றும் வேலை. அப்பா போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போய் நான்கு மாதம். மதியச் சாப்பாட்டுக்குத் தறிகள் நின்றிருந்த நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். மற்றப் பெண்கள் கூட்டமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் ஒரு ஓரமாக நூல் மூட்டைமேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டார்.

நான் யார் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தக் கணக்கு வெளையாட்டு நீங்க பண்ணுனதுங்களா? நல்லாச் சொல்லித் தருதுங்க. தப்பாப் போட்டா வையறதில்லீங்க. ஒருக்காத் தப்பினா, சின்னதா ஒன்னு சொல்லிக் குடுத்துட்டு மறுக்காக் கேக்குது. எங்க வாத்தியாரு இப்படிச் சொல்லித் தந்திருந்தா நானும் படிச்சிருப்பனுங்க."

"தெனமும் விளையாடுவீங்களா?"

"சோத்து நேரத்துல கொஞ்சமுங்க. மாசம் ஒருநா கரண்ட் நிறுத்துவாங்கல்லோ, அன்னைக்குத் தறி ஓடாது, நாள் பூராவும் போடுவேன். கடன் வாங்கிக் கழிக்கறது மட்டும் இன்னும் ஒழுங்கா வரமாட்டேங்குது." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

நான் அத்தனை வருடம் வேலை செய்ததில், ஒரு விளையாட்டு இவ்வளவு சரியாக ஒரு ஆளுக்கு வேலை செய்து பார்த்ததில்லை. அவருக்குத் தகுந்தபடி படிப்படியாக இறங்கி வந்து, அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அவ்வளவும் மகள் பெயரில்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். நீங்கள் போடும் பதிலெல்லாம் தர்ஷினி போட்டதாகப் பள்ளிக்குப் போகிறது, அதனால்தான் அவளை சி பிரிவில் போட்டார்கள் என்று.

கையிலிருந்த போனை ஏதோ சுடுகிற பொருளைப் போலக் கீழே வைத்தார்.

"அப்ப எம்பட புள்ளைய நாந்தான் கீழ தள்ளிப்போட்டனுங்களா?"

"இல்லீங்க. நாங்க தள்ளுனோம். தப்பு எங்களோடது."

அது அவர் காதில் ஏறவில்லை. "பள்ளிக்கூடத்துல போயிச் சண்ட போட்டனுங்க. எம்பட புள்ள நல்லாத்தானுங்க படிக்கும்னு அழுதனே. நாந்தான் காரணமின்னு தெரியாமப் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தார். குரல் தாழ்ந்தது.

"எம்பட பேர மட்டும் எழுதிப்போடாதீங்க. கண்ணாலத்தப்பப் பத்தாவதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்தப்பக் குடுத்த பாரத்துலயும் பத்தாவதுன்னுதான் இருக்குது. நான் அஞ்சாவதோட நின்னவளுங்க. எங்கூட்டுக்காரருக்கே தெரியாது."

எழுத மாட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "நீங்க விளையாடறத விட்டுறாதீங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு பேர் போட்டு விளையாடற மாதிரி பண்ணித் தாரேன்" என்றும் சொன்னேன். என் ஆவணம், என் கம்பெனி என்ற திமிரில் சொன்ன வார்த்தை அது.

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "நல்லாப் போட்டா மேல ஏறுமில்லீங்களா?"

"ஏறும்" என்றேன். சாப்பாட்டு நேரம் முடிந்து தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. அந்தச் சத்தத்தில் மேலே எதுவும் பேச முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சேவியர் சாரோடு உட்கார்ந்தேன். புதிதாக எழுதிக்கொண்டு போன வரி: 'ஒரே கைப்பேசியில் வீட்டில் இருப்பவர்கள் தனித்தனிப் பெயரில் விளையாடலாம்.' படித்தார். பச்சைப் பேனா நின்றது.

"தேவையா, ஆசையா மேடம்?"

"தேவைங்க சார்."

"யாரோட தேவை?"

"அந்த அம்மாவோட தேவை."

அவர் ஆவணத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் நகர்த்தினார். பயனர் பட்டியல். மாணவர், ஆசிரியர், தலைமை ஆசிரியர். என் எழுத்து. மூன்றே பேர்.

"அம்மா இதுல இல்லயே மேடம்."

"இல்லாதது நம்ம தப்பு சார். லேபுக்கு எழுதுன பட்டியல அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம். வீட்டுக்குள்ள போனப்ப அங்க யார் இருக்காங்கன்னு நாம பார்க்கல. நீங்க ரெண்டு மாசம் தரல. நானும் கேட்டு வாங்கல."

"ஒத்துக்கறேன். ஆனா தனித்தனிப் பேருன்னா மூணு மாச வேலை. பள்ளிக்கூடம் நாளைக்குப் பட்டியலை முடிக்குது. அதுக்குள்ள அந்தப் பொண்ணோட பதிவு சரியாகணும், இனிமே இப்படி நடக்காதுன்னு எழுத்துல குடுக்கணும். ரெண்டுல எது மேடம் இப்ப தேவை?"

கத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஆபீசில் கத்தினேன். நம் விளையாட்டில் உருப்படியாகப் படித்த ஒரே ஆள் அந்த அம்மாதான், அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் என் முன்னால் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேள்வியில் ஓட்டை இல்லை. ஓட்டை ஆவணத்தில் இருந்தது, அதைப் பார்த்தும் ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்.

கடைசியில் நானே எழுதினேன். 'பள்ளி வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்கு முன் விளையாட்டு திறக்காது. இரவு எட்டு மணிக்கு மூடிவிடும்.' சோதிக்கக்கூடிய வரி. ஒரு நாள் வேலை. அவர் எதுவும் கேட்காமல் டிக் போட்டார். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை ஜோதிமணியின் வீட்டில் அடுப்பு எரியும், துணி துவைக்க வேண்டியிருக்கும், மகள் போனைக் கையில் வைத்திருப்பாள். அவருக்கென்று இருந்தது மதியம் அரை மணி நேரம் மட்டும்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

பள்ளிக்குப் போன கடிதத்தில், 'பதிவு பெறாத நபரின் தவறான பயன்பாடு' என்று காரணம் போட்டார்கள். தவறான பயன்பாடாம். ஒருத்தி சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுக் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொண்டதற்கு எங்கள் கம்பெனி வைத்த பெயர் அது. அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. பெயர் குறிப்பிடவில்லை என்பது மட்டும்தான் நான் காப்பாற்றிய வாக்கு. தனிப் பெயர் வரி 'அடுத்த கட்டம்' என்ற தலைப்புக்குப் போனது. நான் ஓய்வு பெறும்வரை அந்த அடுத்த கட்டம் வரவே இல்லை. நானும் அந்தத் தறிப்பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஒரு வேலை மிச்சமிருந்தது. தர்ஷினியின் பதிவிலிருந்து அவள் போடாத கணக்குகளை நீக்க வேண்டும். எது யாருடையது என்று விவரம் தெரிந்தவள் நான் மட்டும்தான். வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். பள்ளி நேரத்தில் போட்டது என்றால் நீக்கு. அவ்வளவுதான் விதி.

ஆரம்ப வரிகள் எல்லாம் தப்பு. பதினேழும் எட்டும் எத்தனை என்பதற்கு மூன்று நாள் தப்பு. நான்காம் நாள் சரி. நீக்கினேன். பெருக்கல் வாய்ப்பாடு ஏழில் இரண்டு வாரம் முட்டி மோதி, பிறகு தாண்டியிருந்தார். நீக்கினேன். கரண்ட் நிறுத்திய அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் நூறு கணக்குக்கு மேல். அதையும் நீக்கினேன். இப்படியே வந்து கடைசிப் பதிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். நான் போய்ப் பேசிவிட்டு வந்த புதன்கிழமைக்குப் பிறகு அவர் போனைத் தொட்டிருக்க மாட்டார் என்றுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் ஒன்று பதினைந்துக்கு ஒரு பதிவு இருந்தது. பத்துக் கணக்கு. எல்லாம் கடன் வாங்கிக் கழிப்பது. எப்போதும் அரை நிமிடத்தில் ஏதாவது ஒரு பதிலைத் தட்டிவிடுகிறவர், அன்றைக்கு ஒவ்வொரு கணக்குக்கும் நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் எடுத்திருந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து தறி ஓட ஆரம்பித்த பிறகும் மூன்று கணக்குப் போட்டிருந்தார். பத்தும் சரி. மகளை மேலே ஏற்றுவதற்காகப் போட்டது.

பள்ளி நேரம். அதையும் நீக்கினேன்.